முள் இருக்கும் இடம்

பாலைவன நாடு ஒன்றின் துறைமுக நகரில், வெளிநாடுகளிலிருந்து வந்து முளைக்கும் செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் நிலையம் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் மைமூன் டாக்டர், காயல்பட்டினத்துக்காரர். அவரிடம் செடி பார்க்கக் கற்றவர் சேர்மக்கனி. குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தைந்து.

சேர்மக்கனிக்கு மாட்டுத் தீவனக் கிடங்கில் குழாய் வேலை. வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் நிலையத்துக்கு வருவார். "களை ஆபீஸர் கிளம்பிட்டாரு" என்பார்கள் அறையில் கூட இருப்பவர்கள். அவரும் சிரித்துக்கொண்டே கிளம்புவார்.

கிடங்கில் குழாய் கசிகிற இடத்தில் ஒரு கீரைச் செடி முளைத்திருந்தது. இடுப்பளவு உயரம். நீளமான, மெத்தென்ற கதிர். மூன்று வருஷமாக அதைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் ஒவ்வொரு முறையும் தாளில் ஒட்டினார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார்.

"இதுவும் ஆண் செடி, அண்ணாச்சி. இந்தக் கீரையில ஆண் தனி, பெண் தனி. பெண்ணைப் பார்க்காம பேர் எழுத முடியாது."

"பெண் எப்படி இருக்கும்?"

"சொன்னா அதைத்தான் தேடுவீங்க. இருக்கிறதை விட்டுடுவீங்க."

தேடினார். வேலியோரம், சாக்கடையோரம், லாரிகள் திரும்பும் இடம். எங்கேயும் அதே மெத்தென்ற கதிர்தான். தட்டினால் மஞ்சள் பொடி பறந்தது. விதை இல்லை.

இதற்கிடையில் அவர் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. விடுமுறைக்கு இல்லை, ஒரேயடியாக. இருபத்திரண்டு வருஷம். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் அவர் மனைவி பொன்னுத்தாய், கட்டிலை எந்தச் சுவரோரம் போடட்டும் என்று தினமும் போனில் கேட்டாள். எந்தச் சுவரோரம் காற்று வரும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பையோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பேர் எழுதுறதுக்கு லஞ்சமா?"

"நம்ம ஊர்க் கீரை, டாக்டரம்மா. முள்ளுக்கீரை. நீங்க ஒரு நாளாவது கடைஞ்சு சாப்பிடணும்."

"இங்கே ஏது?"

"அந்தக் கசிவுக்குப் பக்கத்துலயே நிக்குது. அதோட இலையைக் கிள்ளித்தான் அறையில பதினோரு பேரும் சாப்பிடுறோம். கதிர் முத்தினா பிடுங்கிப் போட்டுடுவேன். நம்ம செடிக்கு இடம் விடணும்ல."

பையில் முற்றிய தண்டு ஒன்றும் கலந்திருந்தது. டாக்டர் அதை எடுத்துக் கதிரைத் தடவினார். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார்.

"முள் எங்கே இருக்கு, அண்ணாச்சி?"

"கதிர்லதான். குத்திடுச்சா?"

"ஊர் முள்ளுக்கீரையில?"

"அதுலயும்..." சேர்மக்கனி நிறுத்தினார்.

கண்ணை மூடிப் பார்த்தார். எருக்குழி தெரிந்தது. அதன் விளிம்பில் செடி தெரிந்தது. பொன்னுத்தாய் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்வதும், தண்டைத் திருப்பித் திருப்பி ஜாக்கிரதையாகக் கிள்ளுவதும் தெரிந்தன. எதற்கு அந்த ஜாக்கிரதை என்பது மட்டும் தெரியவில்லை.

டாக்டர் அலமாரியைத் திறந்து பழைய தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். நாசரேத்துக்குப் பக்கத்தில் பறித்த முள்ளுக்கீரை. ஒவ்வொரு இலைக்கும் அடியில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"கணுவுல" என்றார் சேர்மக்கனி.

பையிலிருந்த தண்டை எடுத்துக் கணுக் கணுவாக விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. லென்ஸை எடுத்துக் கதிரைப் பார்த்தார். கூரான செதில்களுக்குள் சின்னச் சின்னக் காய்கள். டாக்டர் ஊசி முனையால் ஒன்றை அழுத்தினார். காயின் மூடி தனியாகக் கழன்றது. உள்ளே கறுப்பாக ஒரு விதை.

"பெண்" என்றார் சேர்மக்கனி.

டாக்டர் தலையசைத்தார்.

"மூணு வருஷமாப் பக்கத்துலயே நின்னிருக்கு. நான் பிடுங்கிப் போட்டிருக்கேன்."

டாக்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து நிதானமாக எழுதினார். அமராந்தஸ் பால்மெரி. வட அமெரிக்கப் பாலைவனங்களின் செடி. தீவன மூட்டைகளோடு வந்திருக்கலாம். விதை வைக்கிறது. கண்டெடுத்தவர், சே. சேர்மக்கனி.

இந்தச் சீட்டுக்காகத்தான் அவர் மூன்று வருஷம் அலைந்தார். இப்போது அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்பிடும்போது ஊர் ருசியாவே இருந்துச்சு, டாக்டரம்மா."

"ம்."

"இத்தனை நாள் லீவுல போனதெல்லாம் விருந்தாளி மாதிரி. எல்லாத்தையும் அவளே எடுத்து முன்னால வச்சுடுவா. இப்போ இருக்கப் போறேன். கீரையில முள் எங்கே இருக்குன்னே மறந்தவன், அங்கே போய் எதை அடையாளம் காணப் போறேன்?"

டாக்டர் சீட்டின் பின்புறம் பசை தடவித் தாளின் மூலையில் ஒட்டினார். அது பிடிக்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"இந்த அலமாரிகள்ல பதினாறாயிரம் தாள் இருக்கு, அண்ணாச்சி. ஒண்ணுக்குக்கூட ஞாபகத்தை நம்பி நான் பேர் எழுதினதில்லை. கிட்ட வச்சுப் பார்த்துத்தான் எழுதினேன்."