தொண்டைக்கு இறங்கும் இரண்டு பாதைகள்

ஒரு தேர்த் திருவிழாவில் ஒரு தாயும் ஒரு தாயாடும் அருகருகே நின்றார்கள். ஆடு வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. தாய் செண்பகவடிவு பந்தலில் மைக்கைப் பிடித்திருந்தாள். தொலைந்த பிள்ளைகளுக்கு அறிவிப்புச் சொல்வது அவள் வேலை.

இருவர் தலைக்குள்ளும், கழுத்து தொடங்கும் இடத்தில், ஒரு மூளைத்தண்டு இருந்தது. அதன் அடிவாசலில் முகுளம் என்கிற காவல்காரி. மூச்சும் இதயத் துடிப்பும் தொண்டையும் அவள் பொறுப்பு. அவளுக்கு மேலே நடுமூளை. அழுகை, சிரிப்பு, அலறல் எல்லாம் அவள் மடியில்தான் இருக்கும்.

ஆட்டு முகுளத்துக்குச் சும்மா இருக்க முடியாது. “ஏன் அக்கா, நாங்கள் முதுகுக்கு நேராக நீட்டிப் படுத்திருக்கிறோம். நீ மட்டும் செங்குத்தாக நிற்கிறாயே, வலிக்காதா?” என்றது.

“இவள் நாலு காலில் நடந்தால் நானும் படுத்திருப்பேன். தலைக்கு மேலே ஒரு மேல்வீட்டுக்காரரை வேறு தாங்க வேண்டியிருக்கிறது” என்றாள் செண்பகவடிவின் முகுளம். பெருமூளையைத்தான் அவள் அப்படிச் சொல்வாள்.

“உங்கள் தண்டின் இடுப்பில் என்ன அவ்வளவு பெரிய வீக்கம்?”

“வீக்கமில்லை, பாலம். மேல்வீட்டுக்காரர் ஓயாமல் உத்தரவு போடுவார். அதையெல்லாம் சிறுமூளைக்குச் சுமந்து சுமந்து பருத்துவிட்டது. அது போதாதென்று, தொண்டைக்கும் நேராக ஒரு பாதை போட்டுக்கொண்டார். பேச்சு அதில்தான் இறங்குகிறது. நடுமூளையின் பழைய பாதையை அடைத்து வை என்பார்.”

“எங்களுக்கு அந்தப் பழைய பாதை ஒன்றுதான்.”

பேச்சு முடியவில்லை, ஆட்டுக்குட்டியைக் காணோம். தாயாடு யாரையும் கேட்கவில்லை, கத்தியது. கரும்புக் கடைக்கு அடியிலிருந்து குட்டி பதிலுக்குக் கத்தியது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். குட்டி ஓடி வந்து மடியை முட்டியது.

அந்த நேரம் பார்த்து மைக்செட்காரர் சுடலைமுத்து ஓடி வந்தார். “யக்கா, ஒங்க நாத்தனா வந்து அழுதாவ. ஒங்க பிள்ள உமையாளக் காணலயாம். இன்னும் செத்த நேரத்துல வடம் பிடிச்சிருவாவ.”

தேர் கிளம்பினால் கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளும். நாலு வயசுப் பிள்ளை காலடியில் என்ன ஆகும்? நடுமூளை துள்ளி எழுந்தாள். “வழி விடு! கத்த வேண்டும்.”

“பொறு” என்றார் மேல்வீட்டுக்காரர். “நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கென்று முறை இருக்கிறது.”

முகுளம் பழைய பாதையை அடைத்தாள். மூச்சை அளந்து கொடுத்தாள். புதுப்பாதையில் சொற்கள் வரிசையாக இறங்கின. “நான்கு வயதுச் சிறுமி உமையாள், எங்கிருந்தாலும் விழாப் பந்தலுக்கு வரவும். பார்த்தவர்கள் தயவுசெய்து அழைத்து வரவும்.”

குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. காலையிலிருந்து தொலைந்த ஊரார் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே குரல். கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் எல்லாம் அது கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னொரு முறை” என்றார் மேல்வீட்டுக்காரர். செண்பகவடிவு இன்னொரு முறையும் சொன்னாள். அதற்குள் வடத்துக்கு ஆள் நின்றாயிற்று.

“என்னை விடேன்டி!” என்று நடுமூளை கதவை இடித்தாள்.

“உத்தரவு இல்லாமல் எப்படி?” முகுளத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூச்சு தாறுமாறாக ஓடியது, இதயம் படபடவென்று அடித்தது. இரண்டும் அவள் பொறுப்புதான்.

வெளியே சுடலைமுத்து பரபரத்தார். “யக்கா, என்ன கலர் பாவாடன்னு சொல்லுங்க!”

மேல்வீட்டுக்காரர் தேடினார். காலையில் அவள் தன் கையால் கட்டிவிட்ட பாவாடைதான். பச்சையா? மஞ்சளா? தேடத் தேட எல்லாம் கலைந்தது. புதுப்பாதை காலியாகக் கிடந்தது, ஒரு சொல்லும் வரவில்லை.

வேப்பமரத்தடியிலிருந்து ஆட்டு முகுளம் கேட்டது: “இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறாய், அக்கா?”

முகுளம் கதவைத் திறந்துவிட்டாள்.

வந்தது பேச்சில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரே கதறல். மைக் கிறீச்சிட்டது. எல்லாக் குழாயும் சேர்ந்து கதறின. அப்பளம் தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வடம் பிடித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில், பலூன்காரர் அருகே ஒரு சின்னப் பிள்ளை சமர்த்தாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அழாமல் நின்றதால் அது தொலைந்த பிள்ளை என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கதறல் காதில் விழுந்ததும் அதன் உதடு பிதுங்கியது. “அம்மா!” என்று அதுவும் கதறியது. நாலு பேர் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

பலூன்காரர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பாவாடை நீலம்.

செண்பகவடிவு பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள். நடுமூளைக்குக் கை ஓயவில்லை. மேல்வீட்டுக்காரருக்கு அதற்குள் உடம்பு தேறிவிட்டது. “பார்த்தாயா? முறையாக இரண்டு தடவை அறிவித்தேன், கிடைத்துவிட்டாள்” என்றார். முகுளத்துக்கு அடுத்த மூச்சைப் பார்க்க வேண்டியிருந்தது.

“ஏட்டி, அம்ம எத்தன மட்டம் கூப்பிட்டேன், காதுல விழலயா?” என்று கேட்டாள் செண்பகவடிவு.

உமையாள் மூக்கை உறிஞ்சினாள். “மொதல்ல யாரோ பேசுனாவ. நீ ஒரு மட்டந்தான் கூப்பிட்ட.”