ஐகானில் வந்த டிஸ்மிஸ் ஆர்டர்

மில் மேனேஜர் தண்டபாணி, மில் கம்ப்யூட்டர் திரையிலிருந்த ஷார்ட்கட் ஐகான்களை மட்டும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு தலைமை அலுவலகம் போனார். அங்கே ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பழி கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பேச்சியம்மாள் தலையில் விழுந்தது. மேலே இருப்பவன் என்றைக்குத் தன் தலையில் வாங்கியிருக்கிறான்?

“சார், ஐகான் வெறும் வழிகாட்டிதான். ஃபைல் இங்கேயே கிடக்குது.”

“எனக்கே பாடமா? ஐகான் இருந்தா ஃபைலும் இருக்கும். நீதான் அழிச்சிருக்கே. உன் டிஸ்மிஸ் ஆர்டரை நீயே அடிச்சு, பென்டிரைவில் கொண்டா!”

கொண்டுவந்தாள். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் தன் லேப்டாப்பில் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“ஆர்டர் எங்கே? வெறும் ஐகான்தானே இருக்கு!”

“ஐகான் இருந்தா ஃபைலும் இருக்கும்னீங்களே சார். இருந்தா கையெழுத்துப் போடுங்க, போயிடறேன். இல்லைன்னா, அன்னைக்கு நடந்தது யார் தப்பு?”

முதலாளியே சிரித்துவிட்டார். பேச்சியம்மாள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். மேனேஜர் மன்னிப்பும் கேட்டார். அதுவும் வெறும் ஐகான்தான்.