கடப்பா பாறையில் ஒரு வட்டம்

காலை பத்து மணிக்கு, ஆறு நிபுணர்கள் முன்னிலையில், ஷமீமாவின் வேலை போக இருந்தது. கடப்பா மலைச்சரிவில் ஒரு பாறைமேல் இருந்த வட்டத்தை, அறுபது கோடி ஆண்டுக்கு முந்தைய உயிரின் புதைபடிவம் என்று அறிவித்தவர் பேராசிரியர் தெய்வசிகாமணி. அதற்குத் தன் பெயரையே சூட்டினார். யாரும் தொடக் கூடாது என்று கம்பிவேலியும் போட்டார். ஷமீமா அவருடைய தற்காலிக உதவியாளர்.

"இது விலங்கா, தாவரமா? உலகமே குழம்பிக் கிடக்கு. ஷமீமா மேடம் இப்பவே சொல்லட்டும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் பேராசிரியர். நிபுணர்கள் சிரித்தார்கள்.

"சொல்றேன் சார். மூணு வருஷம் முன்னாடி நீங்க எடுத்த அளவு சரிதானே?"

"நான் அளந்தா மயிரிழை தப்பாது!"

"அப்ப இன்னொரு தடவை அளந்து காட்டுங்க சார்."

அவர் வேலிக்குள் போய் அளவுகோலை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்று வருடம் முன்பு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வட்டத்தின் குறுக்களவு பத்து சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார். இப்போது பதினொன்று இருந்தது.

"என்ன சார் ஆச்சு?" என்றார் நிபுணர் குழுவின் தலைவர்.

பேராசிரியர் மறுபடி குனிந்து அளவுகோலைப் பார்த்தார். ஷமீமா பேசினார்.

"சார் அளவு தப்பாது. அப்படின்னா இது வளர்ந்திருக்கு. செத்து அறுபது கோடி வருஷமானது எப்படி சார் வளரும்? இது விலங்கும் இல்ல, தாவரமும் இல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பாறைல படர்ற லைக்கன்."

நிபுணர்களில் ஒருவர் வேலிக்குள் வந்து குனிந்து நகத்தால் சுரண்டினார். வட்டத்தின் ஓரம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

2017 ஏப்ரல் 3 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அன்றே ஷமீமாவின் பணி நிரந்தரமானது.