ரத்தம் வராத தலை

ஆடி மாதத்தில் அந்த ஊர்க் கோயிலில் வேண்டுதல் உள்ளவர்கள் வரிசையாக உட்காருவார்கள். பூசாரி அவர்கள் தலையில் தேங்காய் உடைப்பார். காயம் பட்டால் மஞ்சளும் திருநீறும் அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். நர்ஸ் ஜெசிந்தா மட்டும் வருஷா வருஷம் வெளியே பந்தல் போட்டு, பஞ்சும் துணியுமாகக் காத்திருப்பாள்.

அவளிடம் ஒரு சீடர் இருந்தார். பெயர் கதிரேசன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவளைவிட இருபது வயது மூத்தவர். மூன்று ஆடியாக அவளிடம்தான் கட்டுப் போடக் கற்றுக்கொண்டார்.

அன்று வரிசையில் அவர் மனைவி பொன்னாத்தாளும் இருந்தாள். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்ததற்கான வேண்டுதல். முதல் அடியில் தேங்காய் உடையவில்லை. இரண்டாவது அடியில் உடைந்தது. அவள் தலையைத் தடவிக்கொண்டே நடந்து வந்து பந்தலில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு ரத்தமில்லை.

அவள் பின்னாலேயே ஓர் இளைஞனைத் தூக்கி வந்தார்கள். முகமெல்லாம் ரத்தம். கதிரேசன் துணியோடு பாய்ந்தார்.

"இவரை நான் பார்த்துக்கிறேன். நீங்க போய் அம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருங்க" என்றாள் ஜெசிந்தா.

"அவளுக்கு ஒண்ணுமில்லையே சிஸ்டர்."

"பேசுங்க. நிறுத்தாதீங்க."

கதிரேசனுக்குச் சுருக்கென்றது. ஊரே பார்க்கும்போது பெண்டாட்டியோடு கதை பேசு என்றால்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"விரதம்னு தெரியாதா? யாருக்காக இருக்கேனாம்? கேக்குறான் பாரு கேள்வி."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா இளைஞனின் தலையில் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். துணி நனைந்ததும் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தினாள்.

சற்றுப் பொறுத்துக் கதிரேசன் மறுபடி கேட்டார்.

"ஆமா, காலையில என்ன சாப்பிட்ட?"

"உன் தலையைச் சாப்பிட்டேன். போய்யா அந்தாண்ட, தலை வலிக்குது."

அரைமணி ஆயிற்று. வேறு பேச்சு வராமல் அதையே மூன்றாம் முறையும் கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடலை" என்றாள் பொன்னாத்தாள். மெதுவாக, தயவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "அம்மா எவ்வளவு அமைதியாயிட்டாங்க. சாமி இறங்கியிருக்கு" என்றாள்.

கதிரேசன் எழுந்தார். ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அவ திட்டலை."

ஜெசிந்தா இளைஞனைத் தூக்கி வந்த அண்ணனின் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தாள். "எடுத்துப் பார்க்காதீங்க. அழுத்தியே பிடிங்க." பிறகு ஓடிவந்து பொன்னாத்தாளின் கண்ணில் டார்ச் அடித்தாள். ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

இளைஞனுக்காக வரவழைத்த ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றது. "முதல்ல இவங்களை ஏத்துங்க" என்றாள்.

"ரத்தம் கொட்டுறவனை விட்டுட்டா?" என்று அண்ணன்காரன் கத்தினான்.

"உன் தம்பிக்கு வெளியே போகுது, உன் கையாலேயே நிறுத்திடலாம். இவங்களுக்கு உள்ளே போகுது. அடுத்த வண்டி பின்னாலேயே வருது."

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர். அதைக் கேட்டுவிட்டுக் கதிரேசன் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் பந்தலைப் பிரித்துவிட்டு வந்த ஜெசிந்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் அவளிடம் கேட்டார்.

"காலையில உங்கமேல கோபம் சிஸ்டர். கட்டுப் போடத் தெரிஞ்சவனை எதுக்குப் பேச உட்கார வச்சீங்க? நீங்களே அவகிட்டப் பேசியிருக்கலாமே?"

"பேசியிருக்கலாம்" என்றாள் ஜெசிந்தா. "ஆனா அவங்க திட்டலைங்கிறது எனக்கு எப்படிய்யா தெரிஞ்சிருக்கும்?"