பசித்திருப்பவர்கள்

"என் உடம்புக்கே என்னைப் பிடிக்கலம்மா."

சிகாமணி இதைச் சொன்னது காலைச் சாப்பாட்டு வேளையில். கல்வராயன் மலையடிவாரத்துச் சிறிய ஆசிரமம் அது. மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் வடிகஞ்சி டம்ளரோடு வாசல்படியில் நின்றார்.

அஞ்சுகம் அம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆசிரமத்துக்கு வருமுன் நுண்ணுயிர்களை ஆராயும் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர்தான் குரு. ஆனாலும் சீடரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் அப்படிச் சொல்றீங்க, அண்ணா?"

"வெளியேயிருந்து வந்த கிருமி இல்லையாம். என் எதிர்ப்பு சக்தியே என் குடலைப் புண்ணாக்குதாம். அடுத்தவன் அடிச்சா போலீசுக்குப் போகலாம். சொந்த உடம்பே அடிச்சா யார்கிட்ட போறது?"

"இப்போ ரத்தம் போகுதா?"

"மாத்திரையில நின்னிருக்கு."

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

சிகாமணி டம்ளரைப் பார்த்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சாப்பிட ஆரம்பிங்கன்னார்."

"எப்போ சொன்னார்?"

"பொங்கலுக்கு முன்னாடி."

இப்போது சித்திரை. வேட்டி இடுப்பில் நிற்காமல் சிகாமணி அதன் மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"பயமா இருக்கும்மா. ஒரு வாய் தப்பா உள்ளே போனா மறுபடி ஆரம்பிச்சிரும். இப்படியே இளைச்சா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதுதான்னு டாக்டர் திட்டுறார். நான் ஊருக்கே போயிடறேன். இங்க எதுக்கு எல்லாருக்கும் பாரமா இருக்கணும்?"

அம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அவரைக் கைபிடித்து உட்காரவைத்தார். முன்னால் ஓர் இலையைப் போட்டார். குழைய வேகவைத்த சாமைச் சோறு கொஞ்சம் வைத்தார். பூசணிக்காய்க் கூட்டு கொஞ்சம் வைத்தார்.

சிகாமணி இலையைத் தொடவில்லை.

"இதுல நாரெல்லாம் இருக்கே."

"இருக்கு. அது நமக்கு ஜீரணமாகாது."

"அப்புறம் எதுக்கும்மா வைக்கிறீங்க?"

அம்மா அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க தீயணைப்பு வண்டியில இருந்தவர். தீயைவிட தண்ணி அதிக நாசம் பண்ணி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

சிகாமணி யோசித்தார்.

"ஒரு நெல் குடோன்லம்மா. ஒரே புகை. உள்ளே அணைஞ்சிருச்சா இல்லையான்னு வெளியே நின்ன எங்களுக்குத் தெரியல. குடோன் ஆளுங்க யாராவது இருந்தா சொல்லியிருப்பாங்க. எல்லாரும் பின்பக்கமா ஓடிட்டாங்க. நாங்க அடிச்சுக்கிட்டே இருந்தோம். பார்த்தா, எரிஞ்சது ஒரு மூலைதான். மீதி மூட்டையெல்லாம் தண்ணியில ஊறிப்போச்சு."

"தப்பு யார் மேல?"

"யார் மேலயும் இல்லம்மா. தண்ணி அடிக்கிறது எங்க வேலை. போதும்னு சொல்ல உள்ளே ஆள் இல்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"குடல்லயும் ஆள் இருக்காங்க அண்ணா," என்றார் அம்மா. "கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. கோடி கோடியா. நமக்கு ஜீரணமாகாத இந்த நார்தான் அவங்களுக்குச் சாப்பாடு. அதைத் தின்னுட்டு ஒருவித அமிலத்தை விடுறாங்க. அது குடல் சுவர்ல ஊறி, அங்க காவல் நிக்கிற எதிர்ப்பு அணுக்கள்கிட்ட போய்ச் சேருது. சேர்ந்தா அதுங்க கை கொஞ்சம் அடங்குது."

"என் உள்ளே இருக்கிறவங்க?"

"நீங்க இத்தனை மாசமா வடிகஞ்சிதான் குடிக்கிறீங்க. அதுல அவங்களுக்கு என்ன இருக்கு?"

"இதைச் சாப்பிட்டா நோய் போயிடுமா?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன். நோய்க்குப் பல காரணம் இருக்கும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது கூட ஒரு துணை, அவ்வளவுதான்."

பந்தியில் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். சிகாமணி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"பசியோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொரு வாய் போட்டார்.

அன்று பகல் முழுக்க வயிற்றில் கைவைத்தபடியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அம்மா அந்தப் பக்கம் வந்தார்.

"கடமுடன்னு சத்தம் போடுதும்மா."

"வலிக்குதா?"

"வலி இல்ல. சத்தம்தான்."

"ரொம்ப நாள் கழிச்சுப் பந்தி போட்டிருக்கீங்க. சத்தம் இல்லாம இருக்குமா?"

சிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு குலுங்குமே என்று அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கழிவறையிலிருந்து வெளியே வந்தவர் நேரே கிணற்றடிக்கு நடந்தார். அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சிகாமணி அவர் எதிரே போய் நின்றார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"ரத்தம் இல்லையா?"

"இல்லம்மா."

அம்மா வாளியைக் கீழே வைத்தார். அப்போதுதான் சிகாமணி கவனித்தார், அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அவரும் இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை.

பிறகு வந்த வாரங்களில் இலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. முதலில் அவரைக்காய். பிறகு கீரை. ஒருநாள் வாழைப்பூ. வயிறு சில நாள் முரண்டு பிடித்தது. அன்று அளவைக் குறைத்தார்கள். டாக்டர் எடை பார்த்துவிட்டுத் திட்டவில்லை. ஊருக்குப் போகிற பேச்சை சிகாமணி அப்புறம் எடுக்கவே இல்லை.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் அவர் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். அம்மா மோர் வாளியோடு வரிசையாக வந்தார். அவர் இலை முன்னால் நின்றபோது சிகாமணி மெல்லக் கேட்டார்:

"இனிமே அது திரும்பி வராதுல்ல?"

"வரலாம்."

சிகாமணியின் கை சோற்றில் நின்றது.

"வந்தா?"

"டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன்."

சிகாமணி சோற்றை இலை நடுவில் கூட்டினார். பிறகு சோற்றில் குழி பண்ணினார்.

"ஊத்துங்கம்மா."