கீழ்க்கதவின் சாவி

எங்கள் சந்தைக்குப் போகும் சரிவுச் சுரங்கப்பாதையின் கீழ்க்கதவைப் பூட்டிச் சாவியோடு போனீரே, உம்மைத்தான் கேட்கிறேன்: உள்ளே தீப்பிடித்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது? ஒரு கதை சொல்கிறேன், கேளும்.

முன்னொரு காலத்தில் குன்றக்குறிச்சியை அதிரவீரன் என்றொரு ராஜா ஆண்டான். மலைமேல் அரண்மனை, அடிவாரத்தில் ஆறு, நடுவே சரிவாக ஒரு சுரங்கம். அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய்க் குடங்கள் அதன் வழியாகத்தான் ஏறும். பிரதானி சோலையப்பர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: அரண்மனைக்கு முதுகு காட்டி யாரும் இறங்கக் கூடாது. அதனால் சுமையாட்கள் நுழைந்ததும் கீழ்க்கதவைப் பூட்டிவிடுவார்கள்.

ஒருநாள் குடம் உடைந்து, தீப்பந்தம் பட்டு, எண்ணெய் பற்றிக்கொண்டது. ஆட்கள் மேலே ஓடினார்கள். புகை அவர்களை முந்தி ஓடியது. பிழைத்ததே பெரும்பாடு.

எண்ணெய்க்காரி மாடத்தி விறுவிறுவென்று சபைக்குள் நுழைந்தாள். "மகாராஜா, கீழ்க்கதவைத் திறக்கிற வரைக்கும் என் ஆட்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்!"

பிரதானி சிரித்தார். "எண்ணெய் விற்கிறவளுக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும்? தள்ளிப் போனால் தப்பிக்கலாம். மேலே ஓடினால் என்ன, கீழே ஓடினால் என்ன?"

"அப்படியா ஐயா? இரண்டு கதவையும் திறந்து வைத்து, நடுவில் வைக்கோலைக் கொளுத்துவோம். நான் நெருப்புக்குக் கீழே இருபது படி தள்ளி உட்காருகிறேன். நீங்கள் மேலே நூறு படி தள்ளி உட்காருங்கள். முதலில் எழுந்து ஓடுகிறவர் தோற்றவர். நான் தோற்றால் ஆயுசு முழுக்க எண்ணெய் இலவசம். ஜெயித்தால் சாவி எனக்கு."

"நூறுக்கு இருபதா? உனக்குப் பேரமே பேசத் தெரியவில்லையே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான் ராஜா.

வைக்கோல் பற்றியது. புகை முதலில் கூரையைத் தொட்டு இரு பக்கமும் தவழப் பார்த்தது. சூடு ஏற ஏற, சுரங்கமே புகைபோக்கி ஆகிவிட்டது. ஆற்றுக்காற்று கீழ்வாசல் வழியே பாய்ந்து, புகையும் அனலும் மேலே பறந்தன. மாடத்திக்கு முதுகில் சில்லென்ற காற்று. அவள் மோர்சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மேல்வாசலில் யாரோ கரிமீசையோடு வந்து ராஜாவின் காலடியில் விழுந்தார்.

"யாரய்யா நீர்?"

"உங்கள்... பிரதானிதான்... மகாராஜா!"

மாடத்தி கை கழுவிவிட்டு, மலையைச் சுற்றி ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள். "மகாராஜா, புகைக்கு ராஜபக்தி அதிகம். உங்களைப் பார்க்கத்தான் ஓடி வருகிறது. என் ஆட்களையும் அதோடு சேர்ந்து ஓடிவரச் சொல்கிறார் பிரதானி. இன்றைக்கு முதுகு காட்டி இறங்கினால்தானே நாளைக்கு உயிரோடு முகம் காட்ட முடியும்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சாவியோடு முத்துமாலையும் கொடுத்தான். வேண்டாமென்று சொல்ல அவள் என்ன பைத்தியமா? மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாவியை ஆற்றில் எறிந்தாள். மறுநாள், ராஜாவின் கட்டளைப்படி, முதல் குடத்தைச் சுமந்து ஏறியவர் பிரதானி. ஏறும்போதே நாலு தரம் திரும்பிப் பார்த்தார், கீழ்க்கதவு திறந்திருக்கிறதா என்று.

கேட்டீரா ஓய்? உம் மீசை கரியாகும் வரை காத்திருக்க எங்களால் ஆகாது. சந்தை கூடுவதற்குள் வந்து அந்தப் பூட்டைக் கழற்றும்! கதவடியில்தான் நிற்கிறேன்.