நாற்காலித் துண்டு

அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு விரிப்பது வியர்வையை ஒற்றுவதற்கே என்று கற்றோரும் நம்புகிறார்கள். பெரும்பிழை. ஏசி அறையில் வியர்க்கவே வியர்க்காத அதிகாரிக்கும் அது உண்டு. வெந்து சாகும் குமாஸ்தாவுக்கு இல்லை.

இந்தச் சாத்திரம் நூற்பாலை அலுவலக உதவியாளர் பேச்சியம்மாளுக்குத் தெரியும். மேலாளர் நாகலிங்கத்துக்கோ, எங்கோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து சமத்துவக் காய்ச்சல்.

“இனி இந்த ஆபீஸ்ல மேல் கீழ் கிடையாது. திங்கட்கிழமை சேர்மன் வர்றார். நுழைஞ்சதுமே அது அவர் கண்ணுல படணும். படலேன்னா உன்னைக் குடோனுக்கு மாத்திடுவேன், பேச்சியம்மா,” என்றார், சாய்ந்து உட்கார்ந்தபடி.

“சரிங்க ஐயா,” என்றாள் அவள், நின்றபடி.

திங்களன்று சேர்மனோடு நுழைந்த நாகலிங்கம் திகைத்தார். பதினேழு நாற்காலிகளிலும் வெள்ளைத் துண்டு.

“குமாஸ்தாவுக்கெல்லாம் எதுக்குத் துண்டு? ஒரு தராதரம் வேண்டாமா?” என்று கத்தினார்.

“மேல் கீழ் போகணும்னா ஒண்ணு உங்க துண்டை எடுக்கணும், இல்ல எல்லாருக்கும் போடணும். உங்க துண்டு மேல கைவைக்க எனக்கு ஏதுங்க ஐயா தைரியம்?”

சேர்மன் நாகலிங்கத்தைப் பார்த்தார்.

அடுத்த வாரம் குடோன் பொறுப்பு நாகலிங்கத்துக்கு வந்தது. அங்கே உட்கார இருப்பது முதுகில்லாத ஒரு ஸ்டூல்.